செட்டிநாட்டில் ஹீலியோஸ் 44-2: மலிவான மேனுவல் லென்ஸ் எதற்கு உதவும்?

சோவியத் காலத்தில் செனித் கேமராக்களுடன் விற்கப்பட்ட ஹீலியோஸ் 44-2 என்னும் 58 மி.மீ. லென்ஸ் கையால் ஃபோகஸ் செய்ய வேண்டிய மேனுவல் லென்ஸ்; ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களின் விலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைந்த தொகைக்கு இன்றும் கிடைக்கிறது. காரைக்குடி வட்டாரத்தில் படமெடுப்பவர்கள் இதை வாங்கலாம் என்பதே என் முடிவு. ஆனால் வீடுகளைப் படமெடுக்க அன்று, அங்கே நடக்கும் கைவேலையைப் படமெடுக்க.

ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய சென்சார் உள்ள மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவில் இது ஏறத்தாழ 87 மி.மீ. லென்ஸின் பார்வையையே தருவதால், கானாடுகாத்தான் வீட்டின் வளவில் (நடு முற்றப் பகுதியில்) எவ்வளவு பின்னால் நகர்ந்தாலும் தூண்வரிசை முழுவதும் சட்டத்துக்குள் அடங்காது. முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரே நேர்கோட்டில் அமைந்த வாசல்களை மட்டும் இது நெருக்கி அடுக்கி அழகாகக் காட்டும்.

இந்த லென்ஸின் உண்மையான பலம் ஆத்தங்குடி தரைக்கல் செய்யும் இடத்தில் தெரியும். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்ட் கலவையைப் பூவின் ஒவ்வோர் இதழிலும் ஊற்றும் கைகளை அரை மீட்டர் தொலைவிலிருந்து எடுக்க முடிகிறது. ஃபோகஸ் வளையம் நெடுந்தூரம் சுழல்வதால், விரல் நுனியிலிருந்து முகத்துக்குக் கவனத்தை மெல்ல நகர்த்துவது வீடியோவில் இயல்பாக அமைகிறது. ஒரு வளையத்தில் அப்பர்ச்சரின் (ஒளி நுழையும் துளையின்) எல்லையை, மிகச் சிறிய துளையான 16 என்று வைத்துவிட்டால், மற்றொரு வளையம் தடங்கலோ ‘கிளிக்’ ஓசையோ இன்றித் திரும்பும். மேகம் விலகி வெயில் ஏறும்போது பதிவை நிறுத்தாமலே ஒளியைக் குறைத்துக்கொள்ளலாம். புதிய லென்ஸ்கள் பலவற்றில் இந்த வசதி இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

பலரும் புகழும் சுழல் பின்னணி, அதாவது மங்கலான பின்னணி வட்டமாகச் சுழல்வதுபோன்ற தோற்றம், எப்போதும் வருவதில்லை. இலைகளின் ஊடே ஒளி சிதறும் பின்னணி வேண்டும். அதோடு, சுழல் சட்டத்தின் ஓரங்களில்தான் மிகுதி என்பதால், சிறிய சென்சாரில் அது பெரும்பாலும் வெட்டுப்பட்டுவிடும். நுணுக்கம் வேண்டுமெனில் அப்பர்ச்சரை 4 அல்லது 5.6-க்குக் கொண்டுவர வேண்டும்.

குறைகளில் பெரியது, எதிரொளி லென்ஸுக்குள் சிதறிப் படத்தை வெளுக்கச் செய்யும் ஃப்ளேர். இருண்ட பட்டாலையிலிருந்து (கூடத்திலிருந்து) வெயில் காயும் முற்றத்தை நோக்கினால், லென்ஸின் பழைய பூச்சு அந்த ஒளியைத் தாங்காமல் தேக்குத் தூண்களின் கருமை வெளுத்துவிடுகிறது. ஆகவே லென்ஸின் முன்னே வெயிலை மறைக்கும் 49 மி.மீ. ஹூட் கட்டாயம் தேவை. கையால் ஃபோகஸ் செய்ய வேண்டியிருப்பதால், சிறாவயல் மஞ்சுவிரட்டுக்கும் ஓடித் திரியும் குழந்தைகளுக்கும் இது உதவாது.

இந்த லென்ஸின் எம்42 திருகு இணைப்புக்கான அடாப்டர் சோனி, ஃபுஜி போன்ற மிரர்லெஸ் கேமராக்களில் சிக்கலின்றிப் பொருந்தும். நிக்கானின் எஸ்எல்ஆர் கேமராக்களில் திருத்தும் லென்ஸ் இல்லாத அடாப்டரைக் கொண்டு தொலைதூரக் காட்சியில் ஃபோகஸ் கிடைக்காது. லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும் அமைப்பை முதலில் இயக்கி, ஃபோகஸான விளிம்புகளை நிறமிட்டுக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கையும் இயக்கிக்கொள்ளவும். கேமராவில் நடுக்கம் தணிக்கும் வசதி இருந்தால் அதில் 58 என்று குறிக்கவும்.

வாங்கும்போது டார்ச் ஒளியை லென்ஸுக்குள் பாய்ச்சிப் பூஞ்சை இழைகளையும், அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய்க் கறையையும் பார்க்க வேண்டும். வாங்கிய பின், ஐப்பசி மழை தொடங்கும் முன்பே சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகாத பெட்டியில் வைத்துவிடவும்.