ராவா, ஜேபெக்கா? காளைக்கு ஒன்று, கும்மிக்கு ஒன்று

கேமரா மெனுவில் 'இமேஜ் குவாலிட்டி' என்ற இடத்தில் என்ன வைப்பது: சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ராவா, கேமராவே திருத்திச் சுருக்கித் தரும் ஜேபெக்கா? இதற்கு ஒரே பதில் சொல்கிறவரை நம்ப வேண்டாம். காங்கேயத்துக் கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) உச்சி வெயிலில் நிற்கிற காளைக்கு ஒரு பதில், ஆடி மாத மேகமூட்டத்துக்கு இன்னொன்று, ராத்திரி வட்டமாக நின்று கைதட்டி ஆடுகிற வள்ளி கும்மிக்கு வேறொன்று. எதிரில் என்ன வெளிச்சம் என்று பார்த்த பிறகுதான் ஃபார்மேட்.

முதலில் கணக்கு. ஜேபெக் ஒரு வண்ணத்துக்கு 8 பிட், அதாவது 256 படிகள். 14 பிட் ராவில் 16,384. 24 மெகாபிக்சல் கேமராவில் நல்ல தரத்து ஜேபெக் 8 முதல் 12 எம்பி வரும். சுருக்கிய ரா 25 முதல் 30 எம்பி. 64 ஜிபி கார்டில் ஜேபெக் ஆறாயிரத்துக்குப் பக்கம், ரா இரண்டாயிரம் சொச்சம். ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்ற திருத்தம்), ஷார்ப்னஸ், கான்ட்ராஸ்ட், நாய்ஸ் குறைப்பு எல்லாம் ஜேபெக்கில் எடுத்த கணமே படத்திலேயே பதிந்துவிடும். ராவில் அவை வெறும் குறிப்புகள், வீட்டில் வந்து மாற்றலாம். ஆனால் ஷட்டர், அபெர்ச்சர், ஃபோகஸ் மூன்றும் இரண்டிலுமே மாற்ற முடியாதவை. 'ராவில் எடுத்தால் எல்லாம் சரி பண்ணிக்கலாம்' என்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். அசைந்த படம் ராவிலும் அசைந்த படம்தான்.

உச்சி வெயிலில் காளை

இங்கே ரா. யோசிக்கவே வேண்டாம். காங்கேயம் காளைக்கு உடம்பு சாம்பல், திமிலும் கழுத்தும் கருமை. எருதும் பசுவும் இன்னும் வெளுப்பு. பன்னிரண்டு மணி வெயில் முதுகில் அடிக்கும்போது முதுகுக்கும் வயிற்றடி நிழலுக்கும் உள்ள வித்தியாசத்தை ஜேபெக் ஒரே நேரத்தில் தாங்காது. முதுகில் ரோமம் தெரியாமல் வெள்ளைத் திட்டாகும், அல்லது திமில் கரிக்கட்டையாகும்.

வெளிச்சத்தை அளக்கிற மீட்டரும் இங்கே ஏமாற்றும். வெளுத்த மாடு ஃபிரேமை நிறைத்தால் மீட்டர் அதை அழுக்குச் சாம்பலாக்கும், அப்போது எக்ஸ்போஷரை +0.7 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) வரை ஏற்ற வேண்டும். மாடு சிறிதாக, பின்னால் கிளுவை வேலியும் வெள்வேல மரத்து நிழலும் நிறைய இருந்தால், மீட்டர் இருட்டைப் பார்த்து ஏற்றிவிட்டு முதுகைப் பொசுக்கும், −0.7 முதல் −1 வரை இறக்குங்கள். மிகையாக வெளுத்த இடத்தை மினுக்கிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையை ஆன் செய்து, முதுகில் கறுப்பு மினுக்கல் மறைகிறவரை இறக்கினால் போதும். அந்த மினுக்கல் திரையில் காட்டுகிற ஜேபெக் முன்னோட்டத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. அதனால் ராவில் இன்னும் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். நிழலை வீட்டில் வந்து தூக்கிக்கொள்ளலாம். மூன்று வண்ணத்திலும் வெளுத்துப்போன முதுகை ராவும் திருப்பித் தராது.

ஜேபெக்தான் வேண்டும் என்பவர்கள் பிக்சர் ஸ்டைலை 'நியூட்ரல்' ஆக்கி, கான்ட்ராஸ்டை இரண்டு படி குறைத்து, நிழலைத் தூக்கிக் காட்டும் வசதியை நடுநிலையில் வைக்கலாம். அதே வசதியை ராவில் எடுக்கும்போது அணைத்துவிடுங்கள். சில கேமராக்களில் அது எக்ஸ்போஷரையே குறைத்து எடுத்துவிடும். இதையெல்லாம்விட நல்ல வழி, காலை எட்டு மணிக்குள் போவது.

ஆடி மேகம், குளத்துப் பறவை

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிற மாதங்களில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் வானம் முழுக்க வெள்ளைத் துணி கட்டினாற்போல இருக்கும். நிழலே விழாத அந்த வெளிச்சத்தில் ஜேபெக் தாராளமாகப் போதும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 'மேகமூட்டம்' என்று நிறுத்துங்கள். வரிசையாக எடுத்த படங்கள் ஒரே நிறத்தில் நிற்கும்.

திருப்பூர் நஞ்சராயன் குளத்திலோ ஈரோட்டு வெள்ளோட்டிலோ பறக்கிற பறவைக்கு ஜேபெக்கில் இன்னொரு லாபம் உண்டு. தொடக்கநிலை கேமராக்களில் தொடர்ச்சியாகச் சுடும்போது ரா பத்து இருபது படத்திலேயே பஃபரை (கேமராவின் தற்காலிக நினைவகம்) நிரப்பி, கேமரா திணற ஆரம்பிக்கும். நாரை இறக்கை விரிக்கிற அந்த நேரத்தில் கார்டு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் என்ன பிரயோசனம்? ஆனால் வெள்ளைக் கொக்கு, எதிரில் காலை வெயில் என்றால் மறுபடி காளைக் கணக்குதான்: ராவுக்கு மாறி, சிறு சிறு கொத்தாகச் சுடுங்கள்.

இந்தக் காற்றில் லென்ஸ் மாற்றுவதைத் தவிருங்கள். சென்சாரில் ஒட்டிய புழுதி எஃப் 11க்கு மேல் வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதற்கு எந்த ஃபார்மேட்டும் மருந்தில்லை.

நோம்பி ராத்திரி: கும்மி மேடை

ஊர் நோம்பியில் (கோயில் திருவிழா) வள்ளி கும்மி. ஒரு பக்கம் மஞ்சள் ஹாலஜன், ஒரு பக்கம் வெள்ளை எல்இடி, மேடையில் ஊதா, பச்சை மாறி மாறி. ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் படத்துக்குப் படம் தடுமாறும். ரா என்றால் ஒரு படத்தைச் சரிசெய்து மற்றதற்கெல்லாம் ஒட்டிவிடலாம். ஜேபெக் என்றால் முன்கூட்டியே 4000 கெல்வின் பக்கம் நிறுத்திவிடுவது உத்தமம்.

ஊதா எல்இடிதான் வில்லன். அந்த ஒளியில் நீல வண்ணம் மட்டும் நிரம்பி வழிந்து, சேலை மடிப்பே இல்லாத ஒரே திட்டாகிவிடும். மொத்த வெளிச்ச ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) 'சரி' என்றே சொல்லும். சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, நீலம் வலது சுவரில் முட்டினால் ஒரு ஸ்டாப் இறக்குங்கள்.

ஷட்டரிலும் ஒரு சிக்கல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 1/250இல் எடுத்தால் ஒரு படம் இருட்டு, ஒரு படம் வெளிச்சம், சிலதில் குறுக்கே பட்டை. 1/100 பத்திரம். ஆனால் வீசுகிற கை 1/100இல் கலங்கும். கைதட்டு சேர்கிற நொடியில் கை ஒரு கணம் நிற்கும், அங்கே அழுத்துங்கள். கேமராவில் விளக்கின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துச் சுடும் ஆன்டி ஃப்ளிக்கர் இருந்தால் போட்டுவிட்டு 1/250 போகலாம்.

50 மிமீ எஃப் 1.8 லென்ஸ் இருந்தால் எஃப் 2, 1/100, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200. ஃபிளாஷ் வேண்டாமா என்றால், வட்டத்தில் வேண்டாம். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்பங்கு: முன்னால் ஆடுகிறவர் வெளுத்து, எதிர்வரிசை இருட்டில் நிற்பார். ஆடுகிறவர்களின் கண்ணும் கூசும்.

தறிக்குழியில் ஃபிளாஷ்

பவானி ஜமக்காளத் தறி, சென்னிமலைக் கைத்தறி என்று உள்ளே போனால் கதை மாறும். வாசலில் நீலம் கலந்த பகல், தலைக்கு மேல் டியூப் லைட். ஒரே படத்தில் இரண்டு நிறம் இருந்தால் ராவின் ஒயிட் பேலன்ஸும் ஒன்றைத்தான் திருத்தும். மற்றதற்கு மாஸ்க் போட்டு (அந்தப் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து) மல்லுக்கட்ட வேண்டும். நெய்கிறவரிடம் கேட்டு டியூப் லைட்டை அணைத்தால் பாதி வேலை முடிந்தது.

வெளிச்சம் பற்றாவிட்டால் இங்கே ஃபிளாஷ் நல்லது, ஆனால் நேராக அடிக்கக் கூடாது. கைடு நம்பர் (ஃபிளாஷின் பலத்தைக் குறிக்கும் எண்) 36 உள்ள ஃபிளாஷ், ஐஎஸ்ஓ 100, எஃப் 4இல் நேராக 9 மீட்டர் எட்டும். மேலே திருப்பிப் பவுன்ஸ் செய்தால் இரண்டு ஸ்டாப்பாவது போகும். அதுவும் ஓட்டுக்கூரை என்றால் ஓடு வெளிச்சத்தை விழுங்கி, மிச்சத்தைச் செம்மண் நிறமாகத் திருப்பித் தரும். பக்கவாட்டில் ஒரு வெள்ளை வேட்டியைக் கயிற்றில் கட்டி அதில் அடியுங்கள். ஐஎஸ்ஓ 400, எஃப் 4, ஷட்டர் 1/60. இப்படி வெளிச்சம் ஒரே நிறமாகிவிட்டால் ஜேபெக்கே போதும். ஜமக்காளச் சிவப்புக்கு மட்டும் 'விவிட்' ஸ்டைலை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கோடுகள் ஒன்றோடொன்று குழைந்துவிடும்.

மீதி

ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்தே எடுக்கலாமே என்பது கல்யாண வீட்டில் சரி: இணைச்சீர்ச் சடங்கின் படத்தை அன்றைக்கே சொந்தக்காரருக்கு அனுப்ப ஜேபெக், ஆல்பத்துக்கு ரா. மற்ற நாளில் கார்டுதான் வீண். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருக்கிவிடும்.

ஹெயிஃப் என்ற இன்னொரு ஃபார்மேட் பத்து பிட் தருகிறது, கோப்பும் சிறிது. ஆனால் எல்லா பிரிண்ட் கடையிலும் திறக்காது. கடைக்குக் கொடுப்பது எப்போதும் எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்குப் பொதுவான நிற எல்லை) ஜேபெக். அதைவிட விரிந்த அடோபி ஆர்ஜிபியில் கொடுத்தால் ஈரோட்டு மஞ்சளும் மங்கலாகத்தான் அச்சாகும். 12க்கு 8 அங்குலத்துக்கு 3600க்கு 2400 பிக்சல் போதும்.

ராவைத் திறக்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை. டார்க்டேபிள், ராதெரபி என்ற இரண்டு மென்பொருளும் இலவசம். திருத்திய ஜேபெக்கை மறுபடி மறுபடி சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் உதிரும். மூலக் கோப்பைத் தனி ஃபோல்டரில் வைத்துவிட்டு நகலில் மட்டும் கை வையுங்கள்.