ஆறு கஜம் வாக்ஸ் துணி: அம்ப்ரெல்லாவா, சுருக்கா, பாக்ஸ் ப்ளீட்டா?

கானாவின் தேமா நகரில் இருந்தபோது நான் தைத்த முதல் வாக்ஸ் கவுனில் (மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் உடுத்தும் அச்சுப் பருத்தித் துணிதான் வாக்ஸ்) பறவைக் கூண்டுகள் சரிந்து கிடந்தன. முன்பக்கம் நேராக நிற்கும் கூண்டு, இடுப்போரம் வரும்போது படுத்துவிடும். மேற்கு ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு பேசும் ஊர்களில் அந்த டிசைனுக்கு ‘நீ வெளியே போனால் நானும் போவேன்’ என்று பெயர். திறந்த கூண்டும் அதிலிருந்து பறக்கும் பறவைகளும். ஊர் சுற்றும் கணவனுக்கு மனைவி உடுத்திக்கொண்டு சொல்லும் பதில் அது. அப்படிப் பேசுகிற துணியை அம்ப்ரெல்லா கட்டில், அதாவது முழு வட்டமாக வெட்டி, அதன் பேச்சையே குழப்பி வைத்திருந்தேன்.

அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருந்த அம்மாவை எல்லோரையும் போல நானும் ‘ஆன்ட்டி’ என்றுதான் கூப்பிடுவேன். கவுனை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். “வெட்டுறதுக்கு முன்னாடி இடுப்புல ஒரு தடவை சுத்திப் பார்த்தியா?”

பார்க்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று விதமாகப் பாவாடை வெட்டித் தைத்துவிட்டேன். எந்த டிசைனுக்கு எந்த வெட்டு என்பதில் இன்றைக்கு எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது.

அதற்கு முன் துணியைப் பற்றிக் கொஞ்சம். உண்மையான வாக்ஸ் துணியில் பிசினை இரண்டு பக்கமும் அச்சாக ஏற்றி, நீலச் சாயத்தில் தோய்ப்பார்கள். பிசின் வெடித்த இடங்களில் சாயம் புகுந்து நரம்பு நரம்பாகக் கோடு விழும். மற்ற நிறங்களெல்லாம் பிறகு ஏறுபவை. மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஜாவா பாத்திக்கை இயந்திரத்தில் செய்யப் போய்ப் பிறந்த துணிதான் இது. நெதர்லாந்தின் ஹெல்மண்ட் ஊரில் 1846-இல் தொடங்கிய விலிஸ்கோ நிறுவனம் இன்றும் செய்கிறது. கானாவிலேயே தேமாவில் ஜி.டி.பி., அகோசொம்போவில் ஏ.டி.எல். என்று ஆலைகள் இருக்கின்றன. ‘ஃபேன்ஸி’ என்று விற்பது வேறு. அது ஒரு பக்கம் மட்டும் அச்சடித்தது, பின்பக்கம் வெளிறியிருக்கும். கரையில் உள்ள கம்பெனி பெயரை நம்பி வாங்க வேண்டாம், போலிகளில் அதையும் சேர்த்தே அச்சடித்துவிடுகிறார்கள். துணியைப் புரட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில் நிறம் இருந்தால் வாக்ஸ்.

தைப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. வாக்ஸில் தவறிப்போய் இரண்டு இடக்கை வெட்டிவிட்டாலும் ஒன்றைப் புரட்டிப் போட்டு வலக்கை ஆக்கிவிடலாம். விரிந்த கை வைத்தால் உள்பக்கமும் அதே நிறம். ஃபேன்ஸியில் அந்தக் கை காற்றில் புரளும்போதெல்லாம் வெளுத்த உள்பக்கம் தெரியும். முதன்முறை தைப்பவர்கள் விலிஸ்கோ வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. அந்த விலைக்குக் கத்தரிக்கோல் வைக்கவே கை நடுங்கும். கானாத் துணி போதும். விலை மலிந்த ஃபேன்ஸியை ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது பருத்திதானா என்று ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். சாம்பலாகாமல் உருகி மணியாகத் திரண்டால் பாலியஸ்டர். கானாத் தலைநகர் அக்ராவின் வெயிலுக்கு அது ஆகாது, நம் ஊர் வெயிலுக்கும் ஆகாது.

இனி அந்த ‘சுற்றிப் பார்ப்பது’. முழு பீஸ் 12 கஜம், அரை பீஸ் 6 கஜம், அகலம் ஏறக்குறைய 46 அங்குலம். இந்தத் துணியை அங்கே பெண்கள் காலம் காலமாக உடம்பைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். ஒரு கரை இடுப்பில் இருக்கும், மறு கரை கணுக்காலில். துணியின் நீளம் உடம்பைச் சுற்றி ஓடும். அதனால்தான் மேல், கீழ் என்று திசை உள்ள டிசைன்களில் பலவும் ஒரு கரையை நோக்கித் தலை வைத்து நிற்கின்றன. சுடிதார் துணியை நீளவாக்கில் போட்டு வெட்டிப் பழகிய கை இங்கேயும் அப்படியே வெட்டினால் பறவை, கூண்டு எல்லாம் படுத்துவிடும். குறுக்காகத்தான் வெட்ட வேண்டும். அப்படி வெட்டும்போது 46 அங்குலத்துக்குள் தோளிலிருந்து கணுக்கால் வரை எட்டாது. இடுப்பில் ஒரு இணைப்பு வந்தே தீரும். கானாவின் கபா–ஸ்லிட் உடை மேலே ரவிக்கை, கீழே நீண்ட பாவாடை என்று இரண்டு துண்டாக இருப்பது இந்தத் துணிக்கு எவ்வளவு பொருத்தம் என்று அப்போதுதான் உறைத்தது.

என் இடுப்பு 30 அங்குலம், பாவாடை உயரம் 24. மூன்று வெட்டையும் இந்த அளவிலேயே சொல்கிறேன்.

அம்ப்ரெல்லா கட்டுக்கு உள்வட்ட ஆரம் 5 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, வெளிவட்ட ஆரம் 29. முழு வட்டம் 46 அங்குலத்தில் அடங்காது. 58 அங்குல நீளத்தில் இரண்டு அரை வட்டமாக வெட்டிச் சேர்க்க வேண்டும். பாவாடைக்கே மூன்றேகால் கஜம், கையில்லாத மேலுடம்புக்கும் சேர்த்து எனக்கு 4 கஜம் போயிற்று. இடுப்பில் கனம் இல்லை, நடந்தால் அலை அடிக்கும், அழகு என்றால் அழகு. ஆனால் முன்னும் பின்னும் நேராக நிற்கும் டிசைன், பக்கங்களில் கால் வட்டம் திரும்பிவிடுகிறது. துணி மூலைவாட்டில் வரும் இடங்களில் கீழ் ஓரம் தொங்கி இறங்கும். ஓர் இரவு மாட்டி வைத்துவிட்டுத்தான் ஓரம் அடிக்க முடியும். திசையே இல்லாத டிசைனுக்கு மட்டும் இதை விட்டால் வேறில்லை. கானாவில் ‘ன்சு புரா’ என்று ஒன்று உண்டு. கிணற்றில் கல் விழுந்தது போல வட்டத்துக்குள் வட்டமாகப் புள்ளிகள் விரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அது அதுதான். அந்தத் துணியில் அம்ப்ரெல்லா வெட்டினால் பாவாடையே ஒரு பெரிய நீர் வளையமாகிவிடுகிறது.

சுருக்குப் பாவாடைதான் மூன்றிலும் சுலபம். 2 கஜத்தை நூலிழுத்து 30 அங்குலத்துக்குக் கொண்டுவந்தால் ஒரு மணி நேர வேலை. ஆனால் வாக்ஸ் விறைப்பான துணி. மெல்லிய வாயில் (voile) துணி போலக் குழைந்து விழாது, இடுப்பில் மூட்டை கட்டினாற்போல் உப்பும். பெரிய டிசைன் சுருக்கத்துக்குள் தொலைந்தே போகும். பொடி டிசைனில் குழந்தைகளுக்குத் தைக்க நல்லது, பெரியவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பெட்டி பெட்டியாக மடிப்பு வைக்கும் பாக்ஸ் ப்ளீட்டில் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அந்த விறைப்பே இங்கே பலம், ஒரு தடவை இஸ்திரி போட்டால் மடிப்பு கத்தி போல நிற்கும். சரியான மடிப்புக்கு இடுப்பளவில் மூன்று மடங்கு வேண்டும், 90 அங்குலம், அதாவது இரண்டரைக் கஜம். வெட்டும் முன் டிசைன் எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று அளந்து பாருங்கள். என் துணியில் அது சரியாக 15 அங்குலம். 5 அங்குல முகமும் 10 அங்குல உள்மடிப்பும் சேர்ந்தால் அதே 15. 6 பெட்டி, 30 அங்குல இடுப்பு. ஒவ்வொரு பெட்டியின் முகத்திலும் அதே மலர், அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. கால் எடுத்து வைக்கும்போது மடிப்பு திறந்து, உள்ளே இருந்த இலைகள் வெளியே வரும். உங்கள் துணியில் 12 அங்குலத்துக்கு ஒருமுறை வந்தால் முகத்தை 5-ஆகவே வைத்து உள்மடிப்பை 7-ஆகக் குறையுங்கள், 2 கஜமே போதும்.

அம்ப்ரெல்லாவை விட இதில் துணியும் மிச்சம். துணி உடம்பைச் சுற்றி ஓடுவதால் பாவாடையில் பக்கத் தையலே இல்லை. பின்னால் ஒன்றே ஒன்று, அதையும் உள்மடிப்பில் மறைத்து ஜிப் வைத்துவிட்டேன். கீழே கரையையே ஓரமாக விட்டதால் ஹெம்மிங் வேலையும் இல்லை, கம்பெனி பெயர் எழுத்துகள் காலடியில் ஓடுவது அங்கே யாருக்கும் குறையாகத் தெரிவதில்லை. மேலே மிஞ்சிய 22 அங்குலப் பட்டையில் மேலுடம்பும் கைகளும் அடங்கின. மொத்தக் கவுனும் இரண்டே முக்கால் கஜத்தில் முடிந்தது.

மேலுடம்புக்கு ஆன்ட்டி பேப்பரே வைக்க மாட்டார். அளவைக் கேட்டு, சாக்பீஸால் துணிமேல் நேரே கோடு போட்டு வெட்டுவார். அந்தக் கை எனக்கில்லை. பட்டர் பேப்பரில் வரைந்து துணிமேல் நகர்த்திப் பார்க்கிறேன், கீழே டிசைன் தெரியும். மார்பில் இரண்டு பெரிய வட்டம் வந்து உட்காராமல் தப்பிக்க இதுதான் வழி. நெருக்கமான நெசவு என்பதால் குண்டூசி துளை மறையாது. தையலுக்குள் போகும் இடத்தில் மட்டும் குத்துங்கள்.

துவைத்துவிட்டு வெட்டுவதா, அப்படியே வெட்டுவதா என்பதில் ஆன்ட்டிக்கும் எனக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. புதுத் துணியின் பளபளப்பு போய்விடும் என்பார் அவர். அது உண்மைதான். ஆனால் பருத்தி சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் இடுப்பு பிடிக்கும். நான் தனியாகக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மெல்லிய கஞ்சி போட்டு இஸ்திரி செய்த பிறகே வெட்டுகிறேன். பளபளப்பு திரும்பாது, விறைப்பு திரும்பிவிடும்.

கூண்டுத் துணியில் 2 கஜம் மிஞ்சியிருந்தது. அதில் இன்னும் கத்தரிக்கோல் படவில்லை. வீட்டில் இருக்கும்போது இடுப்பில் சுற்றிக்கொள்கிறேன். அதில் கூண்டுகள் எல்லாம் நேராக நிற்கின்றன.