வேக்போர்டிங்கா, வேக்சர்ஃபிங்கா? ஏரிக்குப் போகும் கொங்குக் குடும்பங்களுக்கு

கோடை விடுமுறைக்கு அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்வருவது திருப்பூர், ஈரோடு, கோபி பக்கம் இப்போது சகஜமாகிவிட்டது. டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் டிராவிஸ் ஏரிக்குக் கூட்டிப் போகாமல் விடமாட்டார்கள். பெயர்தான் ஏரி, உண்மையில் அது அணைத் தண்ணீர். டெக்சாஸுக்குள்ளேயே ஓடும் கொலராடோ ஆற்றை மறித்து, 1930களின் கடைசியில் கட்ட ஆரம்பித்த மான்ஸ்ஃபீல்டு அணைக்குப் பின்னால் தேங்கியது. சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து நூறு கிலோமீட்டர் அளவுக்கு நீள்கிறது. பவானிசாகரும் அமராவதியும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தக் கரை அந்நியமாகவே தெரியாது.

அங்கே மணிக்கணக்கில் படகு வாடகைக்கு எடுக்கலாம், ஓட்டுநரோடே கிடைக்கும். ஏறி உட்கார்ந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, படகின் பின்னால் பலகையில் நின்று போகும் இரண்டு விளையாட்டுகளில் எது, வேக்போர்டிங்கா, வேக்சர்ஃபிங்கா என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் ஏறினால் வாடகை நேரத்தில் பாதி யோசனையிலேயே போய்விடும். நான் இரண்டையும் செய்து பார்த்தவன். நாற்பதைத் தாண்டிய, மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கிற உடம்பு என்னுடையது. என் பக்கம் எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல்முறை போகிறீர்கள், வயது முப்பதைத் தாண்டிவிட்டது, படகில் குடும்பமும் இருக்கிறது என்றால், வேக்சர்ஃபிங்.

இரண்டுக்கும் பொதுவானதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படகு முன்னே போகும், அதன் பின்னால் பலகையில் நின்றபடி நாம் போவோம், லைஃப் ஜாக்கெட் கட்டாயம். வேக்போர்டிங்கில் இரு கால்களும் பலகையோடு பூட்டிய காலணிகளுக்குள் இருக்கும். கயிறு பதினெட்டிலிருந்து இருபத்து மூன்று மீட்டர் வரை நீளம். படகு மணிக்கு 30 கிலோமீட்டரை ஒட்டி ஓடும், தேர்ந்தவர்களுக்கு இன்னும் கூட்டுவார்கள். கயிற்றை விட்டால் ஆட்டம் முடிந்தது. வேக்சர்ஃபிங்கில் கால்களுக்குப் பூட்டே கிடையாது, வெறுங்காலோடு பலகை மேல் நிற்கிறோம். கயிறு ஆறேழு மீட்டர்தான். படகு 16 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து, பின்னால் ஓர் அலையை எழுப்பிக்கொண்டே போகும். எழுந்து நிற்கிற வரைக்கும்தான் கயிறு வேண்டும். அப்புறம் அதைப் படகுக்குள் எறிந்துவிட்டு அலையின் தள்ளலிலேயே போகலாம்.

இனி என் முடிவுக்குக் காரணமான ஒரே விஷயத்துக்கு வருகிறேன். விழுவது. புதிதாகக் கற்றுக்கொள்பவர் நிற்கும் நேரத்தைவிட விழும் நேரமே அதிகம். அதனால் எப்படி நிற்கப்போகிறோம் என்பதைவிட எப்படி விழப்போகிறோம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்தில் நீச்சல் என்றால் தோட்டத்துக் கிணறு. முதுகில் சுரைக்குடுக்கையோ காலி கேனோ கட்டிவிட்டு இறக்கிவிடுவார்கள், கொஞ்சம் பழகியதும் மோட்டார் ரூம் மேலிருந்து குதிப்போம். நேராகக் குதித்தால் ஒன்றுமில்லை. மட்டையாக விழுந்தால் வயிறும் நெஞ்சும் சிவந்து, சுள்ளென்ற எரிச்சல் சாயங்காலம் வரை இருக்கும். இந்தக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்பது ஏறக்குறைய பன்னிரண்டடி உயரத்திலிருந்து விழுந்து தண்ணீரைத் தொடும்போது இருக்கிற வேகம். மணிக்கு 17 கிலோமீட்டர் என்றால் அந்த உயரம் நாலடிகூட வராது. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் பலம் நான்கு மடங்காகும் என்று பள்ளியில் படித்தது இங்கே உடம்பிலேயே தெரியும்.

மேலிருந்து விழுவதும் பக்கவாட்டில் சறுக்கி விழுவதும் ஒன்றல்ல என்று நீங்கள் சொல்லலாம், உண்மைதான். சாதாரணமாகச் சறுக்கி விழுந்தால் தண்ணீர் மேல் இரண்டு புரளல், அவ்வளவே. ஆனால் வேக்போர்டிங்கில் எல்லாரும் பயப்படும் விழுகை வேறொன்று. பலகையின் முன்விளிம்போ பின்விளிம்போ திடீரெனத் தண்ணீருக்குள் வெட்டி இறங்கிவிடும். கால்கள் பூட்டியிருப்பதால் பலகை அங்கேயே நின்றுபோகும், உடம்பு மட்டும் சுழன்று போய் முகமோ பின்மண்டையோ தண்ணீரில் அறையும். கையை ஊன்றக்கூட நேரம் இருக்காது. மூக்கில் தண்ணீர் ஏறுவது சின்ன விஷயம். செவிப்பறை கிழிவது, தோள்மூட்டு விலகுவது, முழங்கால் தசைநார் அறுவது, தலைக்குள் அதிர்ச்சி, இவையெல்லாம் இந்த விளையாட்டில் தெரிந்த காயங்கள்தான். எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. ஆனால் விளிம்பு வெட்டி விழுந்த பிறகு கழுத்தைத் திருப்பிப் பேச முடியாமல் இருந்தேன், யார் கூப்பிட்டாலும் முழு உடம்போடு திரும்ப வேண்டியிருந்தது.

வேக்சர்ஃபிங்கில் விழுந்தால், படகு கிளறிவிட்ட நுரைத் தண்ணீரில் பொத்தென்று விழுவீர்கள். காற்றுக் கலந்த தண்ணீர் என்பதால் அது மெத்தென்றே இருக்கும். கால் பூட்டில்லாததால் பலகை தனியாகப் போய்விடும். ஆபத்து அந்தப் பலகையில்தான். கால் நழுவும்போது அது எகிறி முகத்தில் அடிக்கலாம், ஆகவே அலைக்கு வெளிப்பக்கமாக விழுங்கள், மேலே வரும்போது கைகளால் தலையை மூடிக்கொண்டு வாருங்கள். இதை ஓட்டுநர் சொல்லாவிட்டாலும் நீங்கள் நினைவில் வைத்திருங்கள். அடுத்த நாள் தொடையும் கணுக்காலும் வலித்தன, சிரித்துக்கொண்டே தாங்கிக்கொள்கிற வலி.

எழுந்து நிற்பதிலும் வித்தியாசம் உண்டு. வேக்போர்டிங்கில் தண்ணீரில் மல்லாந்து மிதந்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, கையை நீட்டிக் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். படகு இழுத்ததும் எழும் ஆசையில் கயிற்றை நம் பக்கம் இழுத்துவிடுவோம், உடனே முகத்தில் தண்ணீர்ச் சுவர் வந்து மோதும். எழவே முயற்சி செய்யாமல் மடங்கியே இருந்தால் படகு தானாகத் தூக்கிவிடும் என்பது மூளைக்குப் புரிந்தாலும் கை கேட்காது. அக்கா மகன் படகிலிருந்து கத்திக்கொண்டே இருந்தான்: "மாமா, கயித்த இழுக்காதீங், சும்மா புடிச்சிருந்தாப் போதுமுங், அதே தூக்கிரும்!" முன்கை இரண்டும் விறைத்து, கைப்பிடியை விட்ட பிறகும் விரல்கள் மடங்கியபடியே இருந்தன.

வேக்சர்ஃபிங்கில் பலகையின் விளிம்பில் குதிகாலை வைத்துக்கொண்டு மிதக்க வேண்டும். படகு நகர ஆரம்பித்ததும் குதிகாலை அழுத்தினால் பலகை எழும்பி உள்ளங்காலில் ஒட்டிக்கொள்ளும். இழுப்பு மெதுவானது, தப்பாகச் செய்தாலும் திருத்த அரை நொடி கிடைக்கும். நின்றுவிட்டால் முன்காலில் எடை போட்டால் வேகம் கூடும், பின்காலில் போட்டால் குறையும். அலை நம்மைத் தள்ள ஆரம்பிக்கிற இடத்துக்கு வந்ததும் கயிறு தானாகத் தளர்ந்து தொய்யும். அதுதான் விடலாம் என்பதற்கான அடையாளம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. எந்தக் கால் முன்னே வரும் என்று தெரியாவிட்டால் பின்னாலிருந்து யாரையாவது லேசாகத் தள்ளச் சொல்லுங்கள், தடுமாறி முன்னே வைக்கும் கால்தான் உங்கள் முன்கால். இடது கால் முன்னே என்றால் படகின் இடது பக்க அலை, வலது கால் என்றால் வலது பக்கம். இதை முதலிலேயே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள், அதற்கேற்ப அவர் அலையை அமைப்பார்.

சரி, வேக்சர்ஃபிங்குக்கு ஒரு நிபந்தனை உண்டு, அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நாம் படகுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறோம். வெளியே தெரியும்படி பின்பக்கம் மோட்டார் தொங்கும் படகின் பின்னால் இதைச் செய்தால், விழும்போது தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் விசிறியிலேயே போய் மாட்டலாம். எஞ்சின் உள்ளே இருந்து, விசிறி படகின் அடியில் முன்தள்ளி இருக்கும் இன்போர்டு படகு வேண்டும். வால்வோ பென்டா நிறுவனம் விசிறியை முன்பக்கம் பார்த்து வைத்த ஓர் அமைப்பும் இதற்கு ஏற்றது. வாடகைக்குக் கிடைக்கிற படகில் விசிறி எங்கே இருக்கிறது என்று முன்பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் அன்றைக்கு வேக்போர்டிங்கோ வெறும் படகுச் சவாரியோ போதும்.

இன்னொன்று எஞ்சின் புகை. படகின் பின்னால் கார்பன் மோனாக்சைடு தேங்கும், அதற்கு வாடையே கிடையாது. படகின் பின்புறப் பலகையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு வருவது நம் ஆட்களுக்குப் பிடித்த காரியம். எஞ்சின் ஓடும்போது குழந்தைகளை அங்கே உட்காரவிடவே வேண்டாம். இந்தப் புகையால் அமெரிக்க ஏரிகளில் உயிர்கள் போயிருக்கின்றன.

படகில் குடும்பம் இருந்தால் வேக்சர்ஃபிங்கின் இன்னொரு சுகம் தெரியும். அலை பெரிதாக எழ வேண்டுமானால் படகு கனமாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் தொட்டிகளில் நூற்றுக்கணக்கான கிலோ ஏரித் தண்ணீரை ஏற்றுவார்கள், ஆட்களையும் அலை வேண்டிய பக்கம் உட்காரச் சொல்வார்கள். 2010களின் தொடக்கத்தில் வந்த புதிய படகுகளில் பின்பக்கத் தகடுகளே தண்ணீரைத் திருப்பி ஒரு பக்கம் அலை எழுப்பிவிடும், ஆனாலும் உள்ளே எடை இருந்தால் நல்லது. ஆகவே தண்ணீரில் இறங்காத அக்காவும் அத்தையும்கூட ஆட்டத்தில் உண்டு. பலகையில் நிற்பவர் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கிறார், முகம் தெரிகிறது, பேசினால் கேட்கிறது. வேக்போர்டிங்கில் அவர் இருபது மீட்டர் தள்ளி ஒரு புள்ளியாகத் தெரிவார். விழுந்தால் படகு வட்டமடித்துத் திரும்பி வந்து கயிற்றைக் கொடுக்க வேண்டும், அந்த நேரமும் உங்கள் வாடகையில்தான் போகும். ஆனால் கனத்த படகு பெட்ரோலை அதிகமாகக் குடிக்கும். எரிபொருள் வாடகைக்குள் வருமா, தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வேக்போர்டிங் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. எந்தப் படகு இழுத்தாலும் செய்யலாம். ஆழமும் அகலமும் குறைந்த இடத்திலும் செய்யலாம். வேக்சர்ஃபிங் அலை கரையை அரிக்கும் என்பதால் சில ஏரிகளில் கரையிலிருந்து தள்ளித்தான் ஓட்ட அனுமதி, சில இடங்களில் அனுமதியே இல்லை. படகே தேவைப்படாத கேபிள் பூங்காக்களும் இருக்கின்றன. கம்பங்களுக்கு நடுவே ஓடும் கம்பி உங்களை இழுத்துக்கொண்டு போகும். 1960களில் புரூனோ ரிக்சன் என்ற ஜெர்மானியப் பொறியாளர் உருவாக்கிய முறை அது, தனிப்படகைவிடச் செலவு வெகுவாகக் குறையும். கல்லூரிப் பையன்கள், உடம்பை வளைக்கத் தெரிந்தவர்கள், அலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவிக் குதிக்க ஆசைப்படுபவர்கள் வேக்போர்டிங்கைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், எடுக்கட்டும். தாவுகிற கட்டம் வரை நான் போகவில்லை. அந்தச் சந்தோஷத்துக்காக எத்தனை அடி வேண்டுமானாலும் வாங்கலாம் என்கிறான் அக்கா மகன். அவன் கணக்கில் தீர்ப்பு மாறும்.

உடுப்பைப் பற்றி பனியன் தொழிலில் இருப்பவன் சொல்லாமல் இருக்க முடியாது. பருத்தி பனியன் வேண்டாம். தண்ணீரைக் குடித்துக் கனத்து, லைஃப் ஜாக்கெட்டுக்கு அடியில் சுருண்டு அக்குளை அறுத்துவிடும். பாலியெஸ்டரில் லைக்ரா கலந்த, கை நீளமான, உடம்போடு ஒட்டிய மேல்சட்டை போதும், வெயிலையும் தடுக்கும். பெண்கள் அதோடு லெகிங்ஸ் போட்டால் வசதி, துப்பட்டா படகிலேயே இருக்கட்டும். தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராதவர்கள் சட்டைக்குள் போட்டு, ஜாக்கெட்டின் பட்டைகளை இறுக்கிவிடுங்கள். மோதிரமும் வளையலும் கழற்றியே ஆக வேண்டும், கயிற்றில் மாட்டினால் விரல் போகும். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் நாடா கட்டுங்கள்.

நம் பக்கத்து அணைகளில் இதற்கான படகை நான் பார்த்ததில்லை. பைக்காராவில் ஸ்பீடு போட்டில் உட்கார்ந்து போகலாம். அமராவதி அணையில் முதலைகள் இருக்கின்றன, அங்கே யாரும் இறங்கவே கூடாது. அமெரிக்கா தூரம் என்றால், கோவையிலிருந்து நேரடி விமானம் போகும் சிங்கப்பூரில் பொங்கோல் பக்கம் இரண்டும் கிடைக்கும், ஆனால் அது ஏரி இல்லை, கடல் நீரிணை. கேபிள் மட்டும் போதும் என்றால் பாங்காக்கை அடுத்த லாம் லுக் காவில் தாய் வேக் பார்க் இருக்கிறது.

டிராவிஸ் ஏரிக்கே போவதென்றால் சனி ஞாயிறு வேண்டாம். எல்லாப் படகும் இறங்கித் தண்ணீரைக் கலக்கிவிடும், அந்தக் கொந்தளிப்பில் இரண்டு விளையாட்டுமே கஷ்டம். வாரநாள் காலையில், காற்று கிளம்புவதற்கு முன் இறங்குங்கள். ஏப்ரலில் தண்ணீர் இன்னும் குளிராகத்தான் இருக்கும். ஜூனில் இங்கே பள்ளி திறந்துவிடும் என்பதால், பிள்ளைகளோடு போகிறவர்கள் மே மாதப் பின்பாதியில் ஒரு செவ்வாயோ புதனோ பார்த்துப் படகை முன்பதிவு செய்துவிடுங்கள்.