தண்ணீர் வடிந்த மறுநாள் வரும் லோரி

பினாங்கின் தெற்கே சுங்கை பாக்காப், ஜாவி, நிபோங் திபால் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். மழை இன்னும் முடியவில்லை. வெள்ளத்தில் மூழ்கிய மெஷினைச் செய்து தருகிறேன் என்று என்னை ஏமாற்றிய அந்த லோரியும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது என்று நேற்று ஒரு பங்காளி சொன்னார்.

எனக்கு இருப்பது மூன்று ஏக்கர். அப்பா தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் சீட்டுப் பணம் எடுத்து வாங்கிப் போட்டது. வாழை, மிளகாய், ஓரத்தில் தென்னை. நடந்துகொண்டே ஓட்டும் சின்ன உழவு மெஷின் ஒன்று, ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். அதோடு கிணற்றுக்கு ஒரு கரண்ட் மோட்டார். இந்த இரண்டும்தான் என் சொத்து. மற்றதெல்லாம் வானத்தின் தயவு.

எங்கள் பக்கத்து வெள்ளம் மழையால் மட்டும் வருவதில்லை. கடல் ஏற்றமும் மழையும் ஒரே நேரத்தில் சேர்ந்துவிட்டால் ஆறு தண்ணீரை வாங்காது. பாரிட்டில் (வடிகால்) ஓட வேண்டியது அப்படியே நின்று பின்னால் ஏறும். 2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தடவை என் கொட்டகைக்குள் முழங்கால் அளவுதான். மெஷினைச் சிமெண்டுக் கல்லின் மேல் ஏற்றி வைத்திருந்தேன், தப்பித்தது. அதே கல், அதே உயரம் போதும் என்று நினைத்தது என் முட்டாள்தனம். இந்தத் தடவை இடுப்பளவு வந்தது. எஞ்சின் ஒன்றரை நாள் தண்ணீருக்குள் கிடந்தது.

தண்ணீர் வடிந்த மறுநாள் காலையில் வீடு முழுக்கச் சேறு. அம்மா ஒரு பக்கம் துணியைப் பிழிந்துகொண்டிருக்கிறார், நான் மண்வெட்டியோடு நிற்கிறேன். அப்போது வந்து நின்றது அந்த லோரி. பின்னால் ஏற்கெனவே இரண்டு புல்வெட்டி மெஷின், ஒரு ஜெனரேட்டர். இறங்கியவன் நம்ம ஆள்தான், நாற்பது வயது இருக்கும். அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டான். "அண்ணே, கம்பம் கம்பமா (ஊர் ஊரா) போய் வெள்ளத்துல மாட்டின மெஷின எடுத்துச் செஞ்சு குடுக்கிறோம். வெள்ள நேரம், கூலி பாதிதான்" என்றான். (அவர், இவர் என்று எழுத மனம் வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அடுத்து அவன் செய்த வேலையைக் கவனியுங்கள். ஹேண்டிலைப் போட்டு என் எஞ்சினைச் சுற்றினான். பாதி சுற்றில் 'டொக்' என்று நின்றது. இன்னொரு தடவை, மறுபடியும் 'டொக்'. "பாத்தீங்களாண்ணே, ஜாம். உள்ள உடைஞ்சிருக்கு." என் கண்ணால் பார்த்தேன், என் காதால் கேட்டேன். நம்பாமல் என்ன செய்வது?

டெபாசிட் 800 ரிங்கிட் கேட்டான், கொடுத்தேன். ரெசிட் கேட்டதற்கு, "புக்கு நனஞ்சு போச்சுண்ணே, வாட்சப்ல அனுப்புறேன்" என்றான். வெள்ள நேரத்தில் புத்தகம் நனைவது நியாயம்தானே என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மெஷினோடு கிணற்று மோட்டாரையும் ஏற்றிக்கொண்டு போனான். லோரி நம்பரைக்கூட நான் எழுதி வைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து வாட்சப்பில் படம் வந்தது. விரிசல் விட்ட ஒரு ப்ளாக், அதாவது எஞ்சினின் இரும்பு உடம்பு. "ப்ளாக் 1,200, இன்ஜெக்‌ஷன் பம்ப் 700, மோட்டார் வைண்டிங் 350, மத்தது கூலி, எண்ணெய்." இன்னும் 1,500 அனுப்பினேன். அப்புறம் இன்று, நாளை, ஸ்பேர் பார்ட் வரவில்லை, பையன் லீவு. ஐந்து வாரம் ஓடியது. மிளகாய் நாற்று பாத்தியிலேயே முற்றிப்போனது. கொண்டு வந்து இறக்கியபோது கடைசியாக 650. மொத்தம் 2,950 ரிங்கிட்.

மெஷின் பளபளவென்று இருந்தது. புதுப் பெயிண்ட் வாசனை. உண்மையைச் சொன்னால் அந்த வாசனையில்தான் நான் விழுந்தேன். ஸ்டார்ட் செய்து காட்டினான், ஓடியது. நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் பாத்திக்கு நடுவில் புகை கக்கி நின்றுவிட்டது. மோட்டாரோ, சுவிட்சைப் போட்டவுடன் வீட்டு மெயின் 'டப்' என்று விழுந்தது. போன் போட்டேன். முதல் நாள் "வர்றேண்ணே". இரண்டாம் நாள் மணி அடித்தது, எடுக்கவில்லை. மூன்றாம் நாள் என் நம்பரையே அடைத்துவிட்டான்.

எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறார். தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவர். எல்லாருக்கும் மாமா. வெள்ளத்தன்று அவர் மகள் வீட்டில் இருந்தார். இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. மாமா வந்து பேசவே இல்லை. எண்ணெய்க் குச்சியை உருவினார். தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் எண்ணெய். "தண்ணி இன்னும் உள்ளதான்யா இருக்கு. எண்ணெயே மாத்தல." ரேடியேட்டர் முன்னால் இருந்த தகட்டைக் கழற்றினார். உள்ளே சேறு காய்ந்து கல்லாகிக் கிடந்தது, அதில் ஒரு குட்டி நத்தை ஓடு. பெயிண்ட் அடித்தவன் தகட்டைக் கழற்றக்கூட இல்லை.

ப்ளாக்கில் வார்த்திருந்த எண்ணை, வாங்கிய அன்று நான் எடுத்த படத்தோடு பார்த்தோம். அதே எண். 1,200 ரிங்கிட் ப்ளாக் மாற்றப்படவே இல்லை. இன்ஜெக்‌ஷன் பம்ப் (டீசலை எஞ்சினுக்குள் பீய்ச்சுவது) மட்டும் மாறியிருந்தது, அதுவும் நல்லதை எடுத்துக்கொண்டு தேய்ந்ததை வைத்திருந்தான். எப்படித் தெரியும் என்றால், போல்ட் தளர்கிறதா என்று பார்க்க மகளின் நகப்பூச்சை எடுத்துப் பம்ப்பிலும் போல்ட்டிலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தேன். கோடு இல்லை. போல்ட் தலைகளும் ஒன்றுக்கொன்று வேறு. மோட்டாருக்கு மாமா யாரிடமோ மெக்கர் (கம்பியில் கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் மீட்டர்) வாங்கி வந்து சோதித்தார். ஒரு மெகாவோமாவது காட்ட வேண்டுமாம், முள் பூஜ்யத்தில் நின்றது. புது வைண்டிங் என்று சொன்னது பழைய கம்பிக்கு அடித்த ஸ்ப்ரே.

அந்த 'டொக்' சத்தத்தைப் பற்றிக் கேட்டேன். மாமா சிரித்தார். "சிலிண்டருக்குள்ள தண்ணி நிக்குது. காத்தை அமுக்கலாம், தண்ணிய அமுக்க முடியுமா? பிஸ்டன் மேல வந்து முட்டி நிக்கும். அதுக்குப் பேரு ஜாம் இல்லய்யா." எஞ்சின் தலையில் ஒரு குட்டி லீவர் இருக்கிறது, அமுக்கத்தை விடுவிக்க. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றியிருந்தால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே போயிருக்கும். அவன் அந்த லீவரைத் தொடவே இல்லை. யோசித்துப் பார்த்தால் அது நினைவுக்கு வருகிறது.

மாமா சொன்ன முறையை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். மூழ்கிய எஞ்சினை எடுத்தவுடன் ஸ்டார்ட் செய்யவே கூடாது. வேகமாகச் சுற்றினால் அந்தத் தண்ணீரே பிஸ்டனோடு இணையும் கனெக்டிங் ராடை வளைத்துவிடும், அப்போது நிஜமாகவே பெரிய செலவு. முதலில் நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவ வேண்டும். எங்கள் பக்கம் உப்புத் தண்ணீரும் கலந்து வருவதால் இது முக்கியம். காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு, இன்ஜெக்டரையும் கழற்றி, கையால் மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். பிறகு சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட வேண்டும். டீசல் டாங்கில் தண்ணீர் அடியில்தான் நிற்கும், அடித் திருகைத் திறந்தால் முதலில் வருவது தண்ணீர். எஞ்சின் எண்ணெயும் அப்படித்தான். மலிவான எண்ணெய் ஊற்றிப் பத்து நிமிடம் ஓடவிட்டு வடித்து, அது வெளுக்காமல் வரும்வரை மறுபடியும் மாற்ற வேண்டும். ஃபில்டர்கள் புதிது. இன்ஜெக்‌ஷன் பம்ப்தான் நாள் கடந்தால் உள்ளே துருப்பிடிக்கும், அதனால் இதையெல்லாம் முதல் இரண்டு நாளுக்குள் செய்துவிட வேண்டும். மோட்டாரைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, மெக்கர் வைத்துப் பார்க்காமல் கரண்ட் கொடுக்கக் கூடாது. என் மெஷினுக்கு அன்றைக்கே இதைச் செய்திருந்தால் எண்ணெய், ஃபில்டர் எல்லாம் சேர்த்து இருநூறு ரிங்கிட் ஆகியிருக்காது என்கிறார். கேட்டபோது வயிறு எரிந்தது.

புகார் விஷயத்துக்கு வருகிறேன். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், கட்டணம் 5 ரிங்கிட்தான் என்று தெரிந்து ஆசையாகப் பாரத்தை எடுத்தேன். ஆனால் அது சொந்த உபயோகத்துக்கு, வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் உள்ளது. வாழைத்தார் விற்கிறவனின் உழவு மெஷின் அதில் அடங்குமா என்பதே வழக்காகிவிடும். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு தொகை வழக்கு என்று ஒன்று உண்டு, 5,000 ரிங்கிட் வரை, வக்கீல் தேவையில்லை, 198-ஆம் பாரம். என் தொகைக்கு அது போதும். பாரத்தை நிரப்ப உட்கார்ந்தேன். எதிர்வாதியின் பெயர், முகவரி என்று இருந்தது. என்னிடம் இருப்பது ஒரு போன் நம்பரும் வாட்சப் படங்களும், பேங்கில் பணம் போன கணக்கில் இன்னொருவருடைய பெயரும். சம்மனை எந்த வாசலுக்கு அனுப்புவது? போலீஸ் புகார் செய்து வைத்திருக்கிறேன்.

அதனால் உங்கள் வாசலில் லோரி நின்றால், பேச்சை விட்டுவிட்டு முதலில் பில்லைக் கேளுங்கள். அதில் கம்பெனிப் பதிவு எண்ணும் பட்டறை முகவரியும் இருக்க வேண்டும். வாட்சப்பில் அனுப்புகிறேன் என்றால் அனுப்பிய பிறகு ஏற்றுங்கள். எஞ்சின் எண், ப்ளாக் எண், லோரி நம்பர் எல்லாவற்றையும் படம் எடுங்கள். மாற்றிய பழைய சாமானைத் திருப்பித் தர வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். என்னிடம் 'உடைந்த ப்ளாக் எங்கே' என்று கேட்கும் புத்தி இருந்திருந்தால் 1,200 ரிங்கிட் தப்பியிருக்கும். முடிந்தால் ஏற்றவே விடாதீர்கள். ஒவ்வொரு பழைய தோட்டத்துப் பக்கமும் ஒரு மாமா இருப்பார், தேடிப் போங்கள்.

இப்போது மெஷின் நான்கு அடி உயர மேடையில் நிற்கிறது. ஒரு நல்ல பழைய பம்ப் கிடைக்க மாமா சொல்லி வைத்திருக்கிறார்.

போன வாரம் மச்சான் போனிலிருந்து அந்த நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். உடனே எடுத்தான். குரலை மாற்றி, "தம்பி, எஞ்சின்ல தண்ணி பூந்துடுச்சு, சுத்திப் பாக்கவா?" என்றேன்.

"ஐயோ, சுத்தாதீங்கண்ணே, ராடு வளைஞ்சிரும். அப்படியே விடுங்க, நான் வந்து பாக்கறேன்."

"பட்டறை எங்கப்பா?"

"ஜாவி பக்கந்தாண்ணே."

"ஜாவில எங்க?"

லைன் கட்டாகிவிட்டது.