ஆடிட்டர் போன்ல மாட்டிக்கிட்ட என் ஓடிபி

2024 டிசம்பர்ல சென்னை போயிட்டு வந்தேன். கல்யாணம், கச்சேரி எல்லாம் நல்லாவே நடந்துச்சு, அதை விடுங்க. இன்கம்டாக்ஸ் ரிட்டர்னைத் திருத்தப் போயி பட்ட பாட்டை எழுதாம இருக்க முடியல.

நம்ம ஆளுங்க எல்லாரும் பண்றதுதான். ஊர்ல குடும்ப ஆடிட்டர், டொரன்டோலேந்து பேங்க் ஸ்டேட்மென்ட்டை வாட்ஸப்ல அனுப்பினா ஜூலைல அக்னாலெட்ஜ்மென்ட் வந்துடும். இந்த தடவை அந்த பேப்பரைப் பாத்தா ஃபார்ம் நம்பர்ங்கற எடத்துல ஐடிஆர் 1னு இருக்கு, அது இந்தியாவுல ரெசிடென்ட்டா இருக்கறவங்களுக்கான ஃபார்ம். என்ஆர்ஐக்கு ஐடிஆர் 1 கிடையவே கிடையாது, வெறும் வாடகையும் என்ஆர்ஓ (என்ஆர்ஐக்கான ரூபாய் அக்கவுன்ட்) வட்டியும்தான்னாலும் ஐடிஆர் 2தான். ரெசிடென்ட்னு போட்டதால 87ஏ ரிபேட்டையும் (குறைஞ்ச வருமானக்காரங்களுக்கான வரித் தள்ளுபடி) எடுத்து, பேங்க்ல 30 சதவீதமும் செஸ்ஸும் முன்கூட்டியே புடிச்ச வரி, அதான் டிடிஎஸ், மொத்தமும் ரீஃபண்டா வந்திருக்கு. அந்த ரிபேட் ரெசிடென்ட்டுக்கு மட்டும்தான், அப்ப இது நமக்குச் சேர வேண்டிய காசே இல்ல, வட்டியோட திருப்பிக் கட்டணும். அந்த வருஷம் எனக்கு ரிவைஸ் பண்ண டிசம்பர் 31 கடைசி நாளா இருந்துச்சு, அது தாண்டினா லேட்டா போடற அப்டேட்டட் ரிட்டர்ன்தான், வரிக்கும் வட்டிக்கும் மேல இன்னும் 25 சதவீதம் கட்ட வேண்டியிருந்திருக்கும்.

சரின்னு இன்கம்டாக்ஸ் போர்ட்டல்ல லாகின் பண்ணா பாஸ்வேர்டு தப்புங்குது. ரீசெட் போட்டா ஓடிபி எனக்கு வரல. ஆடிட்டர் ஆபீசுக்கு நேர்லயே போனேன். அங்க இருந்த பொண்ணு சர்வசாதாரணமா சொல்லுது, "சார், எல்லா கிளையன்டுக்கும் எங்க சார் நம்பர்தான் குடுத்திருக்கோம், ஓடிபி அவர் மொபைலுக்குத்தான் வரும், சார் சபரிமலைக்குப் போயிருக்கார், அங்க சிக்னல் கிடைக்காது." ஏம்மா, என் பான், என் வருமானம், என் அக்கவுன்ட், அதுக்கு வர்ற ஓடிபி இன்னொருத்தர் போன்லயா? "இல்ல சார், கிளையன்ட்ஸை அடிக்கடி தொந்தரவு பண்ண வேணாமேன்னுதான்." அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல, அதுக்குச் சொல்லிக் குடுத்தது அவ்ளோதான். ஆனா எனக்கு வயித்தெரிச்சல் தாங்கல. டேபிள் மேல பழைய நோட்டு ஒண்ணு விரிச்சு வெச்சிருந்தாங்க, பான் நம்பரும் பக்கத்துலயே பாஸ்வேர்டும் பேனாவுல எழுதி, மாத்தினதை அடிச்சு மேலயே மறுபடி எழுதி, யார் எட்டிப் பாத்தாலும் தெரியற மாதிரி.

கனடாவுல என் அக்கவுன்டன்டும் தான் ஃபைல் பண்றார். ஆனா அவரை ரெப்ரசென்டேடிவ்னு நான் ஆதரைஸ் பண்ணணும், அவர் அவரோட லாகின்லதான் வருவார், எப்ப வேணா நான் கேன்சல் பண்ணலாம். திருத்தணும்னா என் அக்கவுன்ட்லயே சேஞ்ச் மை ரிட்டர்ன்னு இருக்கு, பத்து வருஷம் பின்னாடி வரைக்கும் போலாம். அப்பா காலத்துல சரல்னு அப்ப இருந்த ரிட்டர்ன் ஃபார்மை நிரப்பி நுங்கம்பாக்கம் இன்கம்டாக்ஸ் ஆபீஸ், ஆயகர் பவன்ல வரிசைல நின்னு சீல் குத்தி வாங்கிட்டு வருவார். வெயில்ல நின்னாலும் அந்த பேப்பர் அவர் கையிலதான் இருந்துச்சு, பீரோல பத்திரமா வெச்சிருந்தார். எனக்கு அந்த காலமே தேவலன்னு தோணிடுச்சு.

காப்பாத்தினது அத்தை பொண்ணு. "அண்ணா, நெட்பேங்கிங் வழியாவே போர்ட்டலுக்குள்ள போலாமே"ன்னா. என்ஆர்ஓ அக்கவுன்ட்டோட என் இந்திய நம்பர் உயிரோட இருந்துச்சு, பேங்க் சைட்லேந்தே நேரா உள்ள போயாச்சு! ப்ரொஃபைல்ல பாத்தா மொபைலும் ஆடிட்டரோடது, மெயிலும் ஆடிட்டரோடது. ரிட்டர்னைச் சரிபாத்து டிபார்ட்மென்ட் அனுப்பற 143(1) இன்டிமேஷன் கூட அந்த மெயிலுக்குத்தான் போயிருக்கு, எனக்கு யாரும் சொல்லல. மொத வேலையா ரெண்டையும் மாத்தினேன்.

அதுக்கப்புறம் நடந்ததுல போர்ட்டலை மனசாரப் பாராட்டணும். திருத்தின ரிட்டர்னுக்கான 139(5)னு தேர்ந்தெடுத்து, பழைய ரிட்டர்னோட அக்னாலெட்ஜ்மென்ட் நம்பரும் தேதியும் போட்டா ஐடிஆர் 2 திறக்குது, முதல்ல போட்டது ஐடிஆர் 1ங்கறது தடையே இல்ல, ப்ராசஸ் ஆகி ரீஃபண்ட் வந்ததும் தடை இல்ல. டிடிஎஸ் எல்லாம் தானா வந்து நிக்குது. நான்-ரெசிடென்ட்னு மாத்தினதும் ரிபேட் போயி கட்ட வேண்டிய தொகை வந்துச்சு, இ-பே டாக்ஸ்ல செல்ஃப் அசெஸ்மென்ட்னு கட்டி, சலான் நம்பரையும் பேங்கோட பிஎஸ்ஆர் கோடையும் போட்டு சப்மிட். வெரிஃபை பண்ண 30 நாள் டைம் இருந்தாலும் நெட்பேங்கிங்லயே கையோட முடிச்சேன், ஆன்லைன்ல முடிக்கலன்னா அக்னாலெட்ஜ்மென்ட்ல கையெழுத்து போட்டு பெங்களூருக்குத் தபால்ல அனுப்பணும். கனடாவுல கூட இவ்ளோ சீக்கிரம் முடிஞ்சிருக்காது.

ஆடிட்டர் மலையிலேந்து வந்து போன் பண்ணார், "என்ன தம்பி, சொல்லியிருந்தா நானே மாத்தியிருப்பேனே"ன்னார். அடுத்த வருஷத்துலேந்து நானே ஃபைல் பண்ணிக்கறேன், என் பேரை அந்த நோட்டுலேந்து அடிச்சிடுங்க சார்னு சொல்லிட்டேன். அங்க இருக்கற எங்க மாமா லாகினும் இன்னும் ஆடிட்டர் நம்பர்லதான் இருக்கு, பொங்கல் முடிஞ்சதும் வீடியோ கால்ல அதையும் மாத்தணும்.