டைனோசர் பூங்கா கேமை 'ஆஃப்லைன் அக்கவுன்ட்' ஆக விற்பவர்களிடம் வாங்காதீர்கள்

ஜுராசிக் வேர்ல்டு எவல்யூஷன் 2 போன்ற பூங்கா கட்டும் கேமை யாராவது "ஒரிஜினல், எல்லா டிஎல்சியும் (கூடுதல் தொகுப்புகள்) உண்டு, வாழ்நாள் முழுக்க விளையாடலாம்" என்று அடிமாட்டு விலைக்கு விற்றால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு விற்றவர் கொடுத்தது கேம் இல்லை. முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய ஸ்டீம் (கணினி கேம்களை விற்கும் இணையக் கடை) அக்கவுன்ட்டின் பாஸ்வேர்டைத்தான் கொடுத்தார். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் கட்டிய பூங்காவும் அதோடு போய்விட்டது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

விளம்பரத்தில் "ஸ்டீம் டிஜிட்டல் காப்பி" என்றுதான் போட்டிருந்தது. அக்கவுன்ட் என்ற பேச்சே இல்லை. கீழே ஐந்து நட்சத்திர விமர்சனங்கள் வரிசையாக இருந்தன. பணம் கட்டிய பிறகு வந்த செய்தியில்தான் விஷயம் வெளியே வந்தது: ஒரு பயனர் பெயர், ஒரு பாஸ்வேர்டு, கூடவே நீளமான விதிகள். பாஸ்வேர்டை மாற்றக் கூடாது. உள்ளே நுழையும்போது ஸ்டீம் கார்டு (Steam Guard என்ற பாதுகாப்புச் சோதனை) கேட்கும் குறியீட்டை அவரிடமே கேட்டு வாங்க வேண்டும். கேம் இறங்கியதும் ஸ்டீமை ஆஃப்லைனுக்கு மாற்றிவிட வேண்டும். கேம் திறந்தவுடன் "பொருள் கிடைத்தது" என்ற பொத்தானை அழுத்த வேண்டும், அழுத்தாவிட்டால் உதவி எதுவும் கிடைக்காது.

அந்தப் பொத்தானில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. அதை அழுத்தும் வரை பணம் இடையில் இருக்கும் விற்பனைத் தளத்திடம் நிற்கும். அழுத்தியதும் விற்றவர் கைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு எது நடந்தாலும், "பொருள் கிடைத்ததாக நீங்களே சொல்லிவிட்டீர்களே" என்று தளம் கையை விரித்துவிடும்.

கேம் என் சொந்த அக்கவுன்ட்டில் சேராதா என்று உடனே கேட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தான் கொடுக்கிறோம், கம்பெனி அனுமதித்த முறைதான்" என்று பதில் வந்தது. இது கலப்படமில்லாத பொய். ஸ்டீமின் பயனர் ஒப்பந்தத்தில் அக்கவுன்ட்டை விற்கவோ மற்றவருக்கு மாற்றிக்கொடுக்கவோ கூடாது என்று தெளிவாக இருக்கிறது. பணத்தைத் திருப்பித் தரச் சொன்னேன். டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திரும்பாது என்றார். சரி, கேமாவது ஓடுகிறதே என்று விளையாட ஆரம்பித்தேன்.

முதல் தடவை திறந்தபோதே, கடந்த 24 மணி நேரத்தில் அளவுக்கு மீறிய கணினிகளில் இது திறக்கப்பட்டிருக்கிறது, பிறகு முயலவும் என்று ஒரு செய்தி வந்தது. அது ஏன் வருகிறது என்று இப்போது தெரியும். டெனுவோ என்ற திருட்டு நகல் தடுப்புப் பாதுகாப்பு உள்ள கேம்களை ஒரே நாளில் இத்தனை கணினிகளில்தான் திறக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. பெரும்பாலும் 5 கணினிகள். ஸ்டீமில் கேமின் பக்கத்திலேயே அதைப் போட்டிருப்பார்கள். சொந்தமாக வாங்கி வீட்டில் ஒரே கணினியில் விளையாடுகிறவர் இந்தச் செய்தியைப் பார்க்க வாய்ப்பு மிகக் குறைவு. இது வருகிறது என்றால், அதே பாஸ்வேர்டை ஒரு கும்பலுக்கே விற்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். அவரிடம் கேட்டதற்கு "சர்வர் பிரச்சினை, நாளைக்குச் சரியாகிவிடும்" என்றார். மறுநாள் திறந்ததால் மேற்கொண்டு எதையும் கேட்க இடமில்லாமல் போனது.

இந்த கேமை விளையாடாதவர்களுக்கு, போனது என்ன என்று கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு துப்பாக்கி கேமில் சேவ் (ஆடியது வரை சேமித்து வைத்த கோப்பு) அழிந்தால் அந்தக் கட்டத்தை மறுபடி ஆடிவிடலாம். பூங்கா கேம் அப்படி இல்லை. ஆய்வுக் குழுவை அனுப்பிப் புதைபடிவங்களைத் தோண்டி எடுத்து, அதிலிருந்து டிஎன்ஏ பிரித்து, ஒரு இனத்தின் முழு மரபணுத் தொகுப்பான ஜீனோமைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்ப வேண்டும். பாதியாவது நிரம்பினால்தான் முட்டை வைக்கவே முடியும். வரும் முட்டைகளில் குணம் பார்த்து எதை வெளியே விடுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். வெளியே விட்ட பிறகுதான் உண்மையான வேலையே ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு இனத்துக்கும் மரம் எவ்வளவு, திறந்தவெளி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று தனித்தனித் தேவை. எந்த இனம் எதோடு ஒத்துப்போகும், எதைப் பக்கத்திலேயே சேர்க்காது என்பது இன்னொரு கணக்கு. இரண்டாம் பாகத்தில் விலங்குகள் தாங்களே நகர்ந்து தங்கள் எல்லையை வகுத்துக்கொள்கின்றன. நாம் போட்ட வேலிக்குள் அவை எப்படிப் பங்கு பிரித்துக்கொள்கின்றன என்று பார்த்து நிலத்தைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

என் பூங்காவில் ஒரு நீளமான பள்ளத்தாக்கு இருந்தது. மேட்டை உயர்த்தி, நடுவில் ஓடைபோல் தண்ணீர் விட்டு, பாராசாரோலோபஸ் கூட்டத்தையும் டிரைசெராடாப்ஸ்களையும் ஒன்றாக விட்டிருந்தேன். பார்வையாளர் மாடத்திலிருந்து பார்த்தால் இரண்டு கூட்டமும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்பதற்காகவே மரங்களை ஒவ்வொன்றாக எடுத்தும் வைத்தும் பார்த்திருக்கிறேன். ஒரு சூறாவளியில் மின்சாரம் போய் வேலி உடைந்து டைரனோசாரஸ் வெளியே வந்துவிட்டது. அதற்குப் பிறகு துணை மின்நிலையங்களை மொத்தமாக இடம் மாற்றி, அவசரத்துக்குத் தனி ஜெனரேட்டர்கள் வைத்து, ரேஞ்சர்களின் பாதையைப் புதிதாக வகுத்தேன். விஞ்ஞானிகளை ஓய்வில்லாமல் வேலை வாங்கினால் அவர்கள் கோபத்தில் பூங்காவுக்கே கெடுதல் செய்துவிடுவார்கள், அதனால் ஆள் மாற்றி ஆள் ஓய்வு கொடுக்கும் ஒரு ஒழுங்கும் வைத்திருந்தேன். இதெல்லாம் எந்த வழிகாட்டியையும் பார்த்துச் செய்ததில்லை. தானாகத் தவறி, தானாகத் திருந்திய பூங்கா அது. இன்னொரு தடவை அதேபோல் கட்ட முடியாது.

பிறகு கேமுக்கு ஒரு அப்டேட் வந்தது. அதை இறக்காமல் கேம் திறக்க மறுத்தது. விற்றவரிடம் கேட்டேன். ஆன்லைனில் நுழைந்து, அப்டேட்டை இறக்கிவிட்டு, மறுபடி ஆஃப்லைனுக்குப் போகச் சொன்னார். சேவ் கோப்புகள் பொருந்தவில்லை என்று ஸ்டீம் கேட்டால் "கிளவுட்" (ஸ்டீம் இணையத்தில் வைத்திருக்கும் நகல்) என்பதையே தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் கேம் திறக்காது என்றும் எழுதியிருந்தார். அவர் எழுதியபடியே செய்தேன். கேம் திறந்தது. உள்ளே இருந்த பூங்கா என்னுடையது இல்லை.

யாரோ கட்டிய பூங்கா. நேர்க்கோட்டில் கூண்டுகள், நடுவில் ஒரு பிராக்கியோசாரஸ். சேவ் பட்டியலில் நான் வைத்த ஒரு பெயரையும் காணவில்லை. அந்த அக்கவுன்ட்டைப் பகிர்ந்துகொண்ட இன்னொருவருடைய சேவ் கோப்புகள் கிளவுடில் இருந்தன. அவை என் கணினியில் இறங்கி என்னுடையவற்றின் மேல் உட்கார்ந்துவிட்டன. அந்த இன்னொருவருக்கும் இதேதான் நடந்திருக்கும், அவரும் ஏமாந்தவர்தான். சேலஞ்ச் மோடில் கஷ்டப்பட்டுப் பெற்ற பரிசுகளும் சேர்ந்தே போயின.

விற்றவருக்கு எழுதினேன். "கேம் ஓடுகிறதல்லவா, சேவுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று ஒரே வரி. சில நாட்களில் அக்கவுன்ட்டே திறக்கவில்லை, பாஸ்வேர்டு தவறு என்றது. மறுபடி எழுதியதற்கு, பழைய அக்கவுன்ட் "காலாவதி" ஆகிவிட்டதாகவும், இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் புது அக்கவுன்ட் தருவதாகவும் சொன்னார். ஸ்டீம் அக்கவுன்ட்டுக்குக் காலாவதி என்று ஒன்று இல்லவே இல்லை. அது யாரிடமிருந்தோ திருடப்பட்டதாக இருந்து, உரியவர் ஸ்டீமிடம் முறையிட்டு மீட்டிருக்கலாம். இல்லை, அடுத்த கும்பலுக்கு விற்க இவரே பாஸ்வேர்டை மாற்றியிருக்கலாம். எதுவானாலும் என்னிடம் கொடுத்தது அவர் விற்கக் கூடிய பொருளே இல்லை. அடுத்தவர் நிலத்தில் வீடு கட்டச் சொல்லி வாடகை வாங்குகிற வேலை இது.

விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்தேன். எதிர்பார்த்தபடியே, பொருள் கிடைத்ததாக உறுதி செய்திருப்பதால் வழக்கு முடிந்தது என்றார்கள். நான் எழுதிய விமர்சனம் நீக்கப்பட்டது. அந்த விற்பனையாளர் வேறு பெயரில், அதே விளம்பரப் படங்களோடு, இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார். இப்போது மூன்றாம் பாகத்தையும் பட்டியலில் சேர்த்திருக்கிறார். அது 2025 அக்டோபரில்தான் வந்தது. டைனோசர்கள் இனப்பெருக்கம் செய்து குஞ்சுகளை வளர்ப்பது அதில் புதிதாக வந்திருப்பதால் ஆசையோடு தேடுகிறவர்கள் நிறையப் பேர். இதை இப்போது எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

விளம்பரத்திலேயே இவர்களைக் கண்டுகொள்ளலாம். "ஆஃப்லைன்", "ஷேர்டு", "பாஸ்வேர்டு மாற்ற வேண்டாம்" என்ற சொற்களில் ஒன்று எங்கேயாவது சிறிய எழுத்தில் இருந்தால் அது கேம் விற்பனை இல்லை. எதுவும் எழுதாமல் மறைத்திருந்தால், "கேம் என் அக்கவுன்ட்டின் லைப்ரரியில் நிரந்தரமாகச் சேருமா?" என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். ஆம், இல்லை என்று நேராகப் பதில் வராவிட்டால் விலகிவிடுங்கள்.

இன்னொரு வகை இதைவிட ஆபத்தானது. கேமின் சாவி (கேமை அக்கவுன்ட்டில் சேர்க்கும் குறியீடு) தருவதாகச் சொல்லி, அதைச் சேர்ப்பதற்கு பவர்ஷெல்லை (விண்டோஸுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி) நிர்வாகி அனுமதியோடு திறந்து அவர்கள் அனுப்பும் ஒரு வரியை ஒட்டச் சொல்வார்கள். ஆன்டிவைரஸை அணைக்கவும் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உண்மையான சாவிக்கு ஸ்டீமுக்குள்ளேயே அதைச் சேர்க்கும் இடம் இருக்கிறது, வேறு எதுவும் தேவையில்லை. அந்த ஒற்றை வரி உங்கள் ஸ்டீம் மென்பொருளையே மாற்றி, வாங்காத கேமை வாங்கியதுபோல் காட்டும். உள்ளே வேறு என்ன நுழைந்தது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. சரிபார்ப்பது எளிது: பிரவுசரில் ஸ்டீமுக்குள் நுழைந்து, அக்கவுன்ட் விவரங்களில் உரிமங்களின் பட்டியலைப் பாருங்கள். எந்த கேம், எந்தத் தேதியில், எந்த வழியில் வந்தது என்று அதில் இருக்கும். அங்கே இல்லாத கேம் உங்களுடையது இல்லை.

2003இல் வந்த பழைய ஜுராசிக் பார்க் ஆபரேஷன் ஜெனசிஸைத் தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது டிஸ்க்கில் வந்த கேம், ஸ்டீமில் விற்பனைக்கே வந்ததில்லை. ஆகவே அதற்கு "ஸ்டீம் சாவி" என்று யார் விற்றாலும் பொய்.

செலவைக் குறைக்க நேர்மையான வழிகள் இருக்கின்றன. 2018இல் வந்த முதல் பாகமும் 2021இல் வந்த இரண்டாம் பாகமும் பழையவை ஆகிவிட்டதால், ஸ்டீமின் பெரிய தள்ளுபடிக் காலங்களில் நன்றாகவே விலை இறங்குகின்றன. விருப்பப் பட்டியலில் போட்டு வைத்தால் தகவல் தானாக வரும். ஸ்டீமில் வாங்கினால் 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிந்துகொள்ள அது போதும். வெளியே வாங்கிய சாவிக்கு இந்த வசதி கிடையாது. ஒரே வீட்டில் இருப்பவர்கள் என்றால் ஸ்டீம் ஃபேமிலீஸ் இருக்கிறது. 6 பேர் வரை சேரலாம், ஒவ்வொருவருக்கும் சேவ் தனித்தனி. ஒருவர் பூங்காவின் மேல் மற்றவர் பூங்கா ஏறாது. எல்லா கேமும் அதில் பகிரக் கூடியதில்லை, கேமின் பக்கத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். டைனோசர் பூங்கா என்பதுதான் ஆசை, எந்தப் பெயராக இருந்தாலும் சரி என்றால் பார்க்கசாரஸ், பிரீஹிஸ்டாரிக் கிங்டம் இரண்டும் உண்டு. முதலாவது விளையாட்டுத்தனமானது. இரண்டாவதில் கட்டடங்களைத் துண்டு துண்டாகச் சேர்த்து நம் இஷ்டத்துக்குக் கட்டலாம், என்னைப் போன்றவர்களுக்கு அதுவே பெரிய ஈர்ப்பு.

இப்படிப்பட்ட அக்கவுன்ட்டில் ஏற்கெனவே விளையாடிக்கொண்டிருப்பவர்கள், இன்றைக்கே, ஆஃப்லைனில் இருக்கும்போதே, சேவ் கோப்புகளை வேறு இடத்துக்கு நகலெடுத்து வையுங்கள். விண்டோஸில் உங்கள் பயனர் கோப்புறைக்குள் சேவ்டு கேம்ஸ், அதற்குள் ஃபிரான்டியர் டெவலப்மென்ட்ஸ், அதற்குள் கேமின் பெயர், அதற்குள் எண்ணால் ஆன ஒரு கோப்புறை. அந்த எண் அக்கவுன்ட்டைக் குறிப்பது. பின்னால் சொந்தமாக வாங்கும்போது வேறு எண்ணில் புதுக் கோப்புறை உருவாகும், பழைய பூங்கா தானாக அங்கே வந்துவிடாது. ஆனால் நகல் கையில் இல்லாவிட்டால் முயன்று பார்க்கக்கூட எதுவும் இருக்காது. விற்றவரோடு பேசிய செய்திகள், விளம்பரப் பக்கம், பணம் கட்டிய ரசீது மூன்றையும் படம் பிடித்து வைத்துக்கொண்டு, "பொருள் கிடைத்தது" பொத்தானை இன்னும் அழுத்தவில்லை என்றால் அழுத்தாமல் நேராகப் புகாருக்குப் போங்கள். அழுத்திவிட்டிருந்தால், கார்டில் கட்டியவர்கள் வங்கியிடம் அந்தப் பரிவர்த்தனையை மறுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்குக் கால வரம்பு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.