எஃப் கீயின் மேல் போட்ட பழி: மூன்று வருட ஸ்கேல் பயிற்சிக்குப் பிறகு

புதிதாகப் பியானோ கற்கத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "தினமும் அரை மணி நேரம் ஸ்கேல் வாசிக்கிறீங்களே, மூணு வருஷத்துல அதுல என்னதான் கிடைச்சுது?" சட்டென்று பதில் வரவில்லை. ஸ்கேல் என்றால் சுரங்களை வரிசையாக ஏறி இறங்கி வாசிப்பது, அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் என் பதில் முழுவதும் ஒரே ஒரு கீயைச் சுற்றித்தான் இருக்கிறது.

போன வருடம் என் டிஜிட்டல் பியானோவின் நடுப்பகுதியில் சில கீகள் மெதுவாகத் தொட்டாலே அலற ஆரம்பித்தன. இந்த வகைக் கருவியில் கீக்கு அடியில் ரப்பர் குமிழும் அதற்குள் இரண்டு தொடுமுனைகளும் இருக்கும். முதல் முனை தொட்டு இரண்டாவது தொடுவதற்குள் ஆகும் நேரத்தை வைத்துத்தான் நாம் எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்று கருவி கணக்கிடுகிறது. தூசி புகுந்தால் கணக்கு கெட்டுவிடும். ரப்பர் பட்டையை மாற்றிக் கொடுத்தார்கள். வந்ததும் சி மேஜர் ஸ்கேல், அதாவது சி-யில் தொடங்கி வெள்ளைக் கீகளில் மட்டும் போகும் வரிசை, வாசித்தேன். எல்லாம் சரி, எஃப் மட்டும் 'டொக்'கென்று தனியாக விழுந்தது. கோபத்தோடு திரும்பத் தூக்கிக்கொண்டு போனேன். சரிசெய்தவர் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே எல்லாக் கீகளையும் வரிசையாக அழுத்திக் காட்டினார். எஃப் மற்றவற்றைப் போலவேதான் ஒலித்தது. "கீ நல்லாத்தான் இருக்குங்க. நீங்க இதை எந்த விரலால வாசிக்கிறீங்க?" என்று கேட்டார்.

கட்டைவிரல். சி மேஜரில் வலது கை 1-2-3 (கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல்) என்று போய், நான்காவது சுரமான எஃப்பில் கட்டைவிரலை அடியில் நுழைக்க வேண்டும். வீட்டுக்கு வந்து ஜி மேஜர் வாசித்தேன். இப்போது சி தடித்தது. டி மேஜரில் ஜி. ஸ்கேல் மாற மாற, கட்டைவிரல் விழும் இடமெல்லாம் அதே மேடு. இரண்டு வருடம் தினமும் வாசித்தும் என் காதில் அது விழவே இல்லை.

காரணம் புரிந்தபோது எளிமையாகத்தான் இருந்தது. மூன்றாவது விரல் அழுத்தி முடிக்கும்வரை கட்டைவிரல் சும்மா இருந்தது. பிறகு அவசரமாக உள்ளே பாய்ந்தது, கூடவே முழங்கை வெளியே தள்ளிக்கொண்டது, மணிக்கட்டு இறங்கியது, கையின் எடை மொத்தமும் அந்த ஒரு சுரத்தில் போய் இறங்கியது. இரண்டாவது விரல் அழுத்தும்போதே கட்டைவிரல் கிளம்பிவிட வேண்டும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு சுரம், முடிந்தவரை மெல்ல. போனில் பதிவு செய்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, எஃப் எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்ப்பேன். கண்டுபிடிக்க முடியாமல் போக ஐந்து மாதம் ஆனது.

அப்புறம் வந்ததுதான் நான் எதிர்பார்க்காத சந்தோஷம். பல பாடங்களில் வலது கையின் சுண்டுவிரல் மெட்டைப் பாடும், அதே கையின் கட்டைவிரல் உள்ளே துணைச் சுரங்களைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதுவரை மெட்டு எடுபட வேண்டும் என்று சுண்டுவிரலை அடித்து அடித்து வலி கண்டதுதான் மிச்சம். கட்டைவிரல் அடங்கியதும் மெட்டு தானாக மேலே வந்தது. அன்று ஒரு பாடத்தின் எட்டு பாரை (தாளக் கட்டங்களை) எத்தனை முறை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது.

விரல் பயிற்சிகளைப் பற்றி எனக்கு இவ்வளவு நல்ல வார்த்தை இல்லை. பிரெஞ்சு பியானோ ஆசிரியர் ஹானனின் 60 பயிற்சிகள் 1873-இல் வந்தவை. விரல்களை நன்றாக உயர்த்தி வாசி, 60-இல் தொடங்கி 108 வரை போ, ஐந்து விரலும் சமமாகிவிடும் என்பது அதன் வாக்கு. எட்டு மாதம் நம்பினேன். கையை மேசையில் விரித்து, நடுவிரலை மட்டும் மடக்கி உள்ளே வைத்துவிட்டு மோதிரவிரலைத் தூக்கிப் பாருங்கள். எழாது. அதன் தசைநார்கள் பக்கத்து விரல்களோடு பிணைந்திருக்கின்றன. தூக்க முடியாததைத் தூக்கச் சொல்லி என் முன்கையில் வலி வந்து மூன்று வாரம் வாசிக்காமல் இருந்தேன். நியாயமாகச் சொன்னால், முதல் 20 பயிற்சிகளை இன்றும் வாரம் இரண்டு முறை வாசிக்கிறேன், விரலைத் தூக்காமல், வேறு வேறு மேஜர்களுக்கு மாற்றி. அப்படி வாசித்தால் நன்றாகவே இருக்கிறது.

ஆனால் நண்பருக்கு, இப்போதைக்கு ஸ்கேல், ஹானன் இரண்டுமே வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆறு மாதம் பாடங்களை மட்டும் வாசிக்கட்டும். பிறகும் ஸ்கேல் வேண்டுமென்றால் பி மேஜரில் தொடங்கட்டும். பியானோ இசையமைப்பாளர் ஷோப்பான் தன் மாணவர்களுக்கு அதைத்தான் முதலில் கொடுத்தார். நீண்ட விரல்கள் கறுப்புக் கீகளில் இயல்பாக உட்காரும், கட்டைவிரலுக்கு உள்ளே போக இடம் கிடைக்கும். இரண்டு கையும் சேர்ந்து வாசித்தால் ஈயில் இரண்டு கட்டைவிரலும் ஒன்றாகவே விழும். சி மேஜரில் வலது எஃப்பில், இடது ஜியில். கண்ணுக்கு எளிது என்பதற்காக, கைக்குக் கஷ்டமானதை முதல் நாளே எல்லோருக்கும் கொடுக்கிறோம்.

ஹானன் புத்தகத்தை இரவல் கேட்டார். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.